நாலு மடங்கு

ஐப்பசி அடைமழை.
சங்ககிரி ரோட்டோரம் ரிக் வண்டிகள்
முன்னும் பின்னும் முட்டிக்கொண்டு
சேறு காயக் காத்திருந்தன.
திருச்செங்கோட்டு ஆபீஸ் மாடியில் நாங்கள்
டீசல் நோட்டைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் சீட்டை இறக்கினோம்.

ரம்மி இல்லை, போக்கர்.
ராக்கியப்பன் கொண்டுவந்தது.
கானாவில் மூன்று வருஷம் துளை போட்டுவிட்டு
மலேரியாவோடும் இந்த ஆட்டத்தோடும் திரும்பியவன்.
"கையில ரெண்டு, நடுவுல அஞ்சு.
அவ்வளவுதானுங்க."
அன்றைக்கு அவன் பேசியது அது மட்டும்தான்.

எனக்கு ஆட்டின் ஆஸ், இஸ்பேட் ராஜா.
நடுவில் ஆட்டின் ராஜா, ஆட்டின் ஒன்பது, கிளாவர் நாலு,
எதற்கும் உதவாத டைமன் இரண்டு,
கடைசியாய்
ஆட்டின் ஏழு.

ராஜா ஜோடி. மோசமில்லை.
இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு மனுஷன்
ஆயிரம் கேட்டால் யோசிக்காமல் கட்டுவான்,
மூவாயிரம் கேட்டால் முனகிக்கொண்டு கட்டுவான்.
நடுவில் கிடந்தது ஆறாயிரம்.

அவன் சம்பளக் கவரையே தள்ளினான்.
ரப்பர் பேண்டு கூடக் கழற்றவில்லை.
எண்ண வேண்டியதில்லை, கவர்மேல் என் கையெழுத்து,
மத்தியானம் நான் எழுதியது:
இருபத்தி நாலாயிரம்.

பிட்டு வியாபாரி குருநாதன் சிரித்துவிட்டான்.
"கோழியப் புடிக்கறதுக்குக் கெடா வெட்டறயே அப்பா!"
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
கணக்கெழுதுகிற புத்தி ஓட ஆரம்பித்திருந்தது.
இப்படி ஒன்பது தடவை தள்ளினால்
நாலு தடவைக்கு மேல் அவன் பொய் சொல்ல வேண்டும்,
அப்போதுதான் எனக்குக் கட்டுபடியாகும்.
சொல்வானா?
ஆட்டினில் பெரியது என்னிடம் இருக்கிறது.
அது இல்லாமலே இத்தனை தைரியமா,
அது இல்லாததால்தான் இத்தனை தைரியமா?

சின்னப் பந்தயம் விலை கேட்கும்,
பேரம் பேசும், டீ குடிக்கும்.
இது கதவைத் திறந்துபோட்டு நின்றது.
எல்லாம் வைத்திருப்பவனும்
ஒன்றுமே இல்லாதவனும்
ஒரே கவரைத்தான் தள்ளுவார்கள்.
நடுவில் இருப்பவனுக்குத்தான் வேர்க்கிறது,
கொஞ்சம் வைத்திருப்பவனுக்கு.

மடக்கினேன்.
அவன் தன் இரண்டு சீட்டையும் கட்டுக்குள் சொருகிக் கலைத்தான்.
கேட்கக் கூடாதென்று தெரிந்தும்
"என்ன வெச்சிருந்தே?" என்றேன்.
மழை பெய்தது.

கார்த்திகை முடிய
மூலனூர்ப் பக்கம், ஒரு முருங்கைக் காடு.
அந்த மழை அங்கே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.
ஆயிரத்து நூறு அடி.
மேலே வருவது இன்னும் வெள்ளைப் புழுதி.
பணம் வாங்க வந்த நான்
முருங்கைப் பூவெல்லாம் மாவு பூசி நிற்பதைப் பார்த்தேன்.
தோட்டக்காரர் நாட்ராயன்
எருமைகளை விற்ற பணத்தை
உர மூட்டைப் பையில் சுருட்டி வைத்திருந்தார்.
"நிறுத்திரலாமுங்களா?"

ராக்கியப்பன் புழுதியை எடுத்து
விரலில் தேய்த்தான், மோந்தான்.
நூறு சொல்வான் என்று நினைத்தேன்.
"இன்னும் நானூறு போலாமுங்."

நாட்ராயன் முகத்தை எனக்குத் தெரியும்.
ராஜா ஜோடி.
ஆயிரத்து நூறு அடி உள்ளே போட்டாயிற்று,
விடவும் முடியாது, தொடவும் முடியாது.
இந்த முறை தள்ளப்படும் கவர்
தள்ளுகிறவனுடையது இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.
ஆயிரத்துக்குமேல் நூறு நூறாய் ஏறுகிற ரேட்டு,
அந்த அட்டையை டைப் அடித்தவன் நான்,
அது என் சட்டைப் பையில் இருந்தது.

"கணக்கரே, நீங்க சொல்லுங்க" என்றார்.
ஒன்பதில் நாலு என்று
நாக்கு நுனி வரை வந்தது.
அதற்குள் கம்ப்ரசர் கத்த ஆரம்பித்துவிட்டது.
அவர் தலையாட்டினாரா,
வண்டியின் அதிர்ச்சியில் தலை ஆடியதா,
அங்கிருந்து தெரியவில்லை.

பில் புத்தகத்தில் ஆயிரத்து ஐநூறு என்று
பென்சிலால் எழுதினேன்.
பேனா பையில்தான் இருந்தது.