கடல்மட்டத்திலிருந்து

படிவத்தில் ஒரு கேள்வி:
இதுவரை ஏறிய அதிகபட்ச உயரம்?
கோணேசர் கோயில் வாசல் என்று எழுதினேன்.
பிறகு அதை வெட்டிவிட்டு
நாற்பது மீற்றர் என்று எழுதினேன்.
அது ஆழம்.
முன்னால் சய அடையாளம் போட மறக்கவில்லை.

காத்மண்டுவில் அதை வாசித்தவன் பாசாங்.
வெள்ளிக்கிழமை பிறந்தவனாம், பெயருக்கே அதுதான் பொருளாம்.
சிரித்து முடித்து
"சுமை தூக்குவாயா?" என்றான்.
உப்புவெளிக் கரையில்
கைக்கொரு சிலிண்டராய்
நாளைக்குப் பதினாறு தரம்
மணலில் புதைந்து புதைந்து நடந்தவளிடம்
கேட்கிற கேள்வியா?

ஐப்பசியில் எங்கள் கடல் கலங்கும்.
மரியநாயகம் அண்ணன் எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் கட்டுவார்,
படகைக் கவிழ்த்து வைப்பார்.
வாடை ஓயும்வரை சம்பளம் இல்லை.
அதே ஐப்பசியில் அங்கே
வானம் கழுவிய பீங்கான்.
மலையேற வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள்.
இவ்வளவுதான் கணக்கு.
கனவு என்று யாராவது கேட்டால்
இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன்.

பையில் பதினெட்டுக் கிலோ உப்பு.
விடிய நாலரைக்குக் கோட்டை வாசல்.
மான்கள் எழும்பி, சலித்துக்கொண்டு, விலகும்.
ஆமிக்காரன் ஒவ்வொரு நாளும் பையைத் திறந்து பார்ப்பான்.
உப்பு.
மூன்றாம் கிழமை விரலால் தொட்டு
நாக்கில் வைத்துப் பார்த்தான்.
நாலாம் கிழமை போ என்று கையசைத்தான்.
இராவணன் வெட்டுவரை ஏறி இறங்கி
ஏழு தரம்.

வாயுவும் ஆதிசேடனும் பிடித்த சண்டையில்
கயிலையிலிருந்து பிய்ந்துவந்த துண்டாம் இந்த மலை.
அப்படியென்றால் சரி.
துண்டில் பழகிவிட்டு
மிச்சத்துக்குப் போகிறேன்.

முதல் பருவம் சமையற்கூடாரத்தில் வெங்காயம் உரித்தேன்.
இரண்டாம் பருவம்
கடைசியாய் நடப்பவருக்குப் பின்னால் நடப்பது வேலை.
வாகீசுவரி தேய்ந்து 'வாக்கி' ஆனாள்,
டோக்கி எங்கே என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள்.
நாட்கூலி. காப்புறுதி அரைவாசி.
பெண் என்று ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை,
படுக்கப் பலகை மட்டும்
கதவோரமாய்க் கிடைத்தது.

மூன்றாம் பருவம்.
நாலாயிரத்துத் தொளாயிரம் மீற்றர்.
ஹாம்பர்க்கிலிருந்து வந்த பல்வைத்தியர்
சப்பாத்துகளைக் கால்மாறிப் போட்டுக்கொண்டு
"நான் நல்லாயிருக்கிறேன்" என்றார்.
எனக்குத் தெரியும் அந்தக் கண்ணை.
புறாமலைக்கு அப்பால்
மேலே வெளிச்சம் கண்டதும்
விசுக்கென்று பாயப் பார்ப்பவர்களின் கண்.
காற்செட்டையைப் பிடித்து இழுத்து
ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம்
அந்தரத்தில் நிறுத்திவைப்பது என் கை.
அங்கே இரத்தத்தில் குமிழி,
இங்கே மூளையில் நீர்.
கெதியாய் மேலே போகிறவனைக்
கடலும் விடாது, மலையும் விடாது.

அவர் பையின் வாரைப் பிடித்தேன். இறக்கினேன்.
ஆறு மணித்தியாலம் ஜெர்மனில் திட்டினார்.
நாலாயிரத்து முந்நூறில் திட்டு நின்றது.
பசிக்கிறது என்றார்.

டிப்ஸ் இல்லை. உச்சிக்கான போனசும் இல்லை.
பாசாங் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை.
அடுத்த கிழமைப் பட்டியலில்
என் பெயர் முன்னால் நடப்பவர்களோடு இருந்தது,
இரண்டு எழுத்துப்பிழைகளோடு.

இப்போது சித்திரை.
எஞ்சின் பூட்டியாயிற்று, கடல் கண்ணாடி.
பெருவிரல் நகம் கறுத்துக் கழன்றதில்
செட்டை போட்டால் உயிர் போகிறது.
பாசாங்கிடமிருந்து குரற்செய்தி:
அடுத்த வசந்தத்தில் பெரிய மலை, ஆள் வேண்டும்.
வசந்தம் என்பது இந்தக் கடலின் முதல் சம்பளம்.
மரியநாயகம் அண்ணனிடம் இன்னும் கதைக்கவில்லை.

விடிய நாலரை.
வாசலில் புது ஆமிக்காரன்.
பையைத் திற என்கிறான்.
திறக்கிறேன்.
இந்த முறை இருபத்தைந்து கிலோ.