இரண்டு இடப்பக்கம்

எஸ்பனோலாவில் டிசம்பர்.
பசை பிடிக்க மறுக்கும் குளிர்.
சமையலறை மேசையில் கிடக்கிறது
கட்லஸ் காரின் கதவு உள்பலகை,
ஜன்னல் இடுக்கில் ஒழுகிய தண்ணீரை
நாற்பது வருஷம் குடித்து
நமுத்த அப்பளமாய்.

தொட்டால் உதிர்கிறது.
ஆனாலும் தன் உருவத்தை விடவில்லை:
தாழ்ப்பாளுக்கு ஒரு துளை,
கண்ணாடி சுற்றும் தண்டுக்கு ஒன்று,
ஓரமெங்கும் கிளிப்புகளுக்கு ஒன்பது.

பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து
அதன்மேல் இதைக் கிடத்திப்
பென்சிலால் சுற்றி வந்தேன்.
காலையில் பள்ளிப் பேருந்து ஓட்டணும்,
பிற்பகலிலும் ஓட்டணும்.
நடுவில் நாலு மணி நேரம்
நான் தச்சுக்காரி.

இருப்பது ஒரு ஜிக்சா,
ஒரு கை டிரில், பல் மழுங்கிய அரம்,
பக்கத்து வீட்டு ஒனேசிமோ
திருப்பிக் கேட்க மறந்த நாலு கிளாம்ப்.
ஸ்பீக்கருக்கு வட்டம் வரைய காம்பஸ் இல்லை.
பீன்ஸ் சட்டியின் மூடி
இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.
அன்றிரவு பீன்ஸ்
மூடியில்லாமல்தான் கொதித்தது.

ஐந்து மில்லி பிளைவுட்.
ஜிக்சா கடித்த ஓரம் சிலும்பாமல் இருக்க
கோட்டின்மேல் காகித டேப்.
அதற்கு மேல் நுரைப்பஞ்சு,
அதற்கும் மேல் மாதுளைச் சிவப்பு ரெக்சின்,
மூலையில் சுருக்கம் விழாமல்
தலை உலர்த்தும் மெஷினால் சூடு காட்டி
இழுத்து, இழுத்து, ஸ்டேப்பிள்.

இடது முடிந்தது.
வலதுக்கும் அதே அட்டை, அதே பென்சில்.
முதலைவிட இரண்டாவது
அழகாகவே வந்தது.
கொண்டுபோய்க் கதவில் பொருத்திப் பார்க்கிறேன்:
முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்பீக்கர்.
தாழ்ப்பாள் இருக்கும் இடத்தில்
ஒன்றுமே இல்லை, சிவப்பு மட்டும்.

அட்டைக்கு ஒரு முதுகு உண்டு.
திருப்பிப் போடத் தோன்றவில்லை எனக்கு.

வாயில் வந்ததெல்லாம் கெட்ட வார்த்தை,
ஸ்பானிஷில், மூச்சு விடாமல்.
காது கேளாத என் தம்பி ஃபிடென்சியோ
எதிரில் நின்று என் உதட்டிலிருந்து
ஒன்றுவிடாமல் படித்துக்கொண்டிருந்தான்.
பிறகு தன் இடக்கையுறையைக் கழற்றி
வலக்கையில் மாட்டிக் காட்டினான்.
கட்டைவிரல் உறை
போக்கிடம் இல்லாமல் வெளியே தொங்கியது.
அடிக்கலாம் போலிருந்தது அவனை.

உட்கார்ந்து பிடுங்கினோம்
நூற்றுப் பதினாலு ஸ்டேப்பிள்.
பலகையைப் புரட்டினால் வேலை முடிந்தது;
முடிச்சும் கீறலுமான அதன் பின்புறம்
இப்போது முன்புறம்.
பஞ்சு போர்த்தியபின் யாருக்குத் தெரியும்?
(எனக்குத் தெரியும்.)
ரெக்சின்தான் இன்னொரு கெஜம் வெட்டவேண்டியதாயிற்று.
பழையது பேருந்துச் சாவிக்குப் பையானது.

ஞாயிறு மதியம் மாட்டினோம்.
இந்தக் கார் கதவு பெரிய கனம்,
கீல் தளர்ந்தது, லேசாகத் தூக்கித்தான் சாத்தணும்.
தகரச் சத்தம் போய்
தடித்த புத்தகம் மூடுகிற சத்தம்.

பாட்டைப் போட்டேன்.
தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம்
எங்கோ ஒரு வண்டின் ரீங்காரம்.
ஒலிக்கிற இடம் மட்டும் புரியவில்லை,
டாஷ்போர்டா, இருக்கையா, என் பல்லா.

ஃபிடென்சியோ கதவில் உள்ளங்கை வைத்தான்.
அவனுக்குப் பாட்டு அந்த வழியாகத்தான்.
மெல்ல நகர்த்தினான், கண்ணை மூடாமல்,
வெளியே போகும் நாயைப் பார்த்தபடி.
கை நின்றது.
தண்டுக்கு நாலு விரல் கீழே.
முஷ்டியால் ஒரே குத்து.
விட்டுப்போன ஏழாவது கிளிப்
டப்பென்று குழியில் விழுந்தது.
வண்டு செத்தது.

ரிவர்சைடு சாலையில்
மெதுவாக, மிக மெதுவாக ஓட்டினேன்.
அவன் பக்கத்து ஜன்னல் பாதி திறந்தே இருந்தது:
கண்ணாடி சுற்றும் கைப்பிடி
சமையலறை மேசையில், உப்புக் குப்பிக்குப் பக்கத்தில்.
உள்ளே பனிக்காற்றும் பீன்யோன் விறகின் புகையும்.
மூக்கு சிவந்து நடுங்கினான் ஃபிடென்சியோ.
திரும்பலாமா என்று கேட்டேன்.

பதில் சொல்ல
இரண்டு கையும் வேண்டும் அவனுக்கு.
ஒன்றைக் கதவிலிருந்து
எடுக்கவேயில்லை.