பத்துக்குப் பத்து

வண்டியைக் கொடுக்கும் முன்னால்
ஏசி ஃபில்டரின் ஓரத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தேன்.
மெரூன். போன கிறிஸ்துமசுக்கு வாங்கியது, பாதி உறைந்தது.
உள்ளே கிடந்த ரப்பர் இலையை எடுக்கவில்லை.
தை மாசம் குலசேகரத்தில் நிற்கிற வண்டியில்
இலை புகாத இடம் கிடையாது.

பார்வதிபுரம் பாலத்தைத் தாண்டி அந்த ஷோரூம்.
காலை ஒன்பதுக்குச் சாவி.
மாலை ஐந்தரைக்கு மெசேஜ்: உங்கள் வாகனம் தயார்.

கழுவியிருந்தார்கள். அதைச் சொல்லணும்.
டயருக்குக்கூட கறுப்பு பூசி
கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது.
ஜாப் கார்டில் முப்பத்திரண்டு டிக்.
ஏசி ஃபில்டர் மாற்றப்பட்டது, அறுநூற்று நாற்பது ரூபாய்.
வீல் நட் முறுக்கப்பட்டது.
அட்வைசர் பெனிஸ்டன் பில்லோடு ஒரு மிட்டாயும் தந்து
குரலைத் தாழ்த்தினான்:
"மேடம், கம்பெனியிலிருந்து போன் வரும்.
பத்துக்குப் பத்து போடணும்.
ஒன்பது போட்டா எங்களுக்கு அது சைபர்."

வில்லுக்குறி தாண்டும்போது
முன்பக்கம், இடதில், ஒரு டக்.
பிறகு டக் டக்.
பாட்டை அணைத்தேன். கண்ணாடியை இறக்கினேன்.
பழக்கடை வெளிச்சத்தில் நிறுத்தி
சக்கரத்து நட்டைத் தொட்டால்
பாட்டில் மூடி மாதிரி சுற்றுகிறது.
நாலில் இரண்டு விரலோடு வந்தன.

டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்து மாட்டி
அதன்மேல் ஏறி நின்றேன்.
அறுபத்தேழு கிலோ.
முதல்முறையாக அது ஒரு காரியத்துக்கு ஆனது.
மட்டிக்குலைக்குப் பின்னாலிருந்து கடைக்காரர் கேட்டார்:
"எங்க சர்வீசுக்கு விட்டிய?"
சொன்னேன்.
"ஓ, அங்கயா" என்றார். அவ்வளவுதான்.

அங்கேயே டேஷ்போர்டு பெட்டியையும் கழற்றினேன்.
புள்ளி இருந்தது.
இலையும் இருந்தது, நரம்பெல்லாம் தெரிய.

ஜாப் கார்டை மடியில் விரித்து வைத்திருந்தேன்.
முப்பத்திரண்டு டிக்கும் ஒரே சாய்வு, ஒரே மூச்சு.
எனக்கு அந்தக் கையைத் தெரியும்.
எங்கள் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி ஃபிரிட்ஜின் கதவில்
வெப்பநிலை அட்டை தொங்குகிறது.
காலை ஒன்று, மாலை ஒன்று.
கோட்டாறு பெருநாளுக்கு லீவு போட்ட மூன்று நாளுக்கும் சேர்த்து
திங்கட்கிழமை வந்து
நாலு நாலு நாலு நாலு நாலு நாலு என்று
நான் எழுதியது இதே சாய்வில்.

அதனால் கோபம் குறைந்தது என்று நினைக்காதீர்கள்.
மறுநாள் காலை கதவு திறக்கும் முன்பே போய் நின்றேன்.

பெனிஸ்டன் காப்பி என்றான்.
செய்த ஆளைக் கூப்பிடுங்கள் என்றேன்.
வந்தான் ஒரு பையன். சட்டையில் ரெஜின் என்று தைத்திருந்தது.
அது அவன் பேரில்லையாம், நின்றுபோன ஆளின் சட்டை.
நேற்று எத்தனை வண்டி? பதினாலு.
லிஃப்ட்? மூணு. ஒண்ணு ரிப்பேர்.
சொல்லிக்கொண்டே அட்வைசரைப் பார்த்தான்.
இலையை அவன் உள்ளங்கையில் வைத்தேன்.
"ஃபில்டரை விடு, இதையாவது மாத்தியிருக்கலாமே."
சிரித்துவிட்டான்.
பிறகு சிரித்ததற்காகப் பயந்தான்.

பதினாறு நட்டையும் ஒவ்வொன்றாக முறுக்க வைத்தேன்.
கிளிக் என்று ஒரு சத்தம் வரணும், வந்தால்தான் கணக்கு.
நான் வாய்விட்டு எண்ணினேன்.
பதினொன்றில் கிளிக் வரவில்லை. மறுபடி எண்ணினோம்.

சனிக்கிழமை போன் வந்தது. தேன் தடவிய குரல்.
எங்கள் சேவைக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் எத்தனை தருவீர்கள்?
நான் ஃபிரிட்ஜின் முன்னால் நின்றிருந்தேன்,
காதுக்கும் தோளுக்கும் நடுவே போன், கையில் பேனா.
எட்டைத் தாண்டக் கூடாத முள்
தாண்டி நின்றது.
"ஒன்பது" என்று படித்தேன்.
நன்றி மேடம் என்று வைத்துவிட்டாள்.

அட்டையில் ஒன்பது என்று எழுதிவிட்டு
டாக்டரைக் கூப்பிடப் போனேன்.