புல் திணித்த சக்கரம்

ட்ரெலியூ தாண்டி நாற்பதாவது மைலில்
மூன்றாவது ட்யூபும் போனது.
ஒட்டுப்போட ரப்பர் இல்லை.
காற்றுக்குப் பஞ்சமில்லை பட்டகோனியாவில்,
பிடித்து அடைத்துவைக்கத்தான் வழியில்லை.

கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன்.
வாயெல்லாம் பெட்ரோலும் புழுதியும்.
மேக்னெட்டோ முனையை
எலுனெட் தன் நக அரத்தால் தேய்த்துத் தந்தாள்.
கொதித்துச் சீறிய ரேடியேட்டருக்கு
பாங்கு இன்ஸ்பெக்டர் சபலெத்தா
மாத்தேக்கு வைத்திருந்த தண்ணீரைத் தாரைவார்த்தார்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

டயருக்குள் என்ன போடுவது?
கொய்ரோன் புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி
தலையணைக்குப் பஞ்சு போல அடைத்தோம்.
ஓடியது!
நொண்டியபடி, வைக்கோல் புகையும் வாசத்தோடு,
பத்து மைல்.

அப்புறம் ஒரு பள்ளத்தில்
ஸ்பிரிங் பட்டை முறிந்தது.
தோல்வாரால் இறுக்கிக் கட்டிவிட்டு
அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்தால்,
யாரோ ஒரு குதிரைக்காரன் இறங்கி நின்று
இன்ஸ்பெக்டரின் சுருட்டுக்கு நெருப்புக் கொடுத்துக்கொண்டிருக்கிறான்.
அவன் குதிரையோ
வெடிப்பில் பிதுங்கிய புல்லை உருவி உருவி
நிதானமாக
எங்கள் பின்சக்கரத்தைத் தின்கிறது.

எலுனெட் அதை விரட்டவில்லை.
இன்ஸ்பெக்டர் மட்டும்
புகைக்கு நடுவே மெல்ல எட்டிப் பார்த்தார்,
அதன் முதுகில்
இன்னொருவருக்கு இடம் இருக்குமா என்று.