சில்லுச் சப்பாத்து

சாம்பல்தீவுப் பாலம் தாண்டி
கடலுக்கும் களப்புக்கும் நடுவே, ஒடுங்கிய மணலில்
ஒரு சீமெந்துத் தரை.
கூரையில்லை, சுவரில்லை.
நீளம் தொண்ணூற்றாறு அடி, அகலம் நாற்பத்திரண்டு,
மூலைகள் நான்கும் வளைந்து மழுங்கி.
ஓய்வுபெற எட்டு மாதம் இருக்க
அளக்க வந்தவள் நான்.
படிவத்தில் ஒரு கட்டம்: ‘முன்னைய பயன்பாடு’.

எனக்கு முன் வந்தவர்கள் பென்சிலால் எழுதியிருக்கிறார்கள்:
நெல் காயவிடும் களம்.
ஹெலிகொப்டர் இறங்குதளம், ஒரு கேள்விக்குறி.
நடனத் தரை, இரண்டு.

காவலுக்கு நிற்கும் உமறுலெவ்வை
என்னைவிட ஐந்தாறு வயது இளையவர்.
“சில்லுச் சப்பாத்துப் போட்டு ஓடின இடம், மிஸ்.
ஹொட்டலுக்கு வாற வெள்ளக்காரர்,
கச்சேரிக் கிளாக்கர்மார், கொன்வென்ற் பெட்டைகள்.
நான் டிக்கட் கிழிச்சவன்.”

துறைமுகத்தை விட்டுக் கப்பற்படை போனபோது
ஏலத்தில் போன இரும்புச் சப்பாத்து நாற்பது சோடி.
எடுத்தவர் பார்தலட் என்ற பறங்கியர்.
மரச்சில்லு தேய்ந்து முடிய
உள்ளூர்த் தச்சன் முதிரையில் கடைந்து கொடுத்தானாம்.
முதிரைக்குச் சத்தம் கூட.
களப்பு மீனெல்லாம் வெருண்டு கடலுக்குப் போகிறதென்று
வலைகாரர் பன்னிரண்டு பேர் கைநாட்டு வைத்த பெட்டிசன்
இன்னும் கோப்பில் இருக்கிறது,
மேலே ‘பரிசீலனையில்’ என்ற முத்திரையோடு.

முந்தின இரவு மாரி மழை.
காலையில் தரை காய்ந்தது;
ஒரு வளையம் மட்டும் காயவில்லை.
மட்டக்கோலை வைத்துப் பார்த்தேன்:
மூன்று மில்லிமீற்றர் பள்ளம், சுற்றிவர.
முப்பது வருடம் இடப்பக்கமே திரும்பித் திரும்பித் தேய்த்தது.
கோணேசரை நாம் சுற்றும் திசைக்கு
நேர் எதிர்.

காணிக்கு உரிமை கேட்டு ஏழு பேர்,
ஏழு உறுதி, ஏழு சட்டத்தரணி.
எட்டாவது, பேர்த்திலிருந்து நீலக் கடிதம்:
‘காணியில் எனக்குப் பங்கில்லை.
கவுண்டரில் பதினோராம் தட்டில் என் சப்பாத்து ஒரு சோடி,
மண்ணிறம், அளவு ஐந்து,
பணயமாய் வைத்தது.
அன்று திருப்பி எடுக்க நேரம் இருக்கவில்லை.
உங்களுடையது என்னிடம் இருக்கிறது. மாற்றிக்கொள்ளலாமா?
புவனேந்திரி கனகசூரியம்.’

உரத்து வாசித்தேன்.
உமறுலெவ்வை கடல் பக்கம் திரும்பி நின்றார்.
“றோட்டுல சுடுற சத்தம் கேட்டிச்சு.
கழட்டுறதுக்குச் சாவி ஒண்டுதான், வாப்பாட கழுத்துல.
நிக்க ஏலாதவங்க அப்படியே ஓடினாங்க.
மணல்ல சில்லு உருளாது, மிஸ்.
கொக்கு மாதிரித் தூக்கித் தூக்கி வச்சாங்க.”

பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு,
“மண்ணிறச் சோடியப் போட்டுத்தான்
எங்கட ராத்தா ஓஎல் எழுதினா.
அஞ்சு பாடம் பாஸ்.”

பயன்பாட்டுக்கு அலுவலகம் தந்த குறியீடுகள் இருபத்திரண்டு.
குடியிருப்பு, வயல், வழிபாடு, மயானம்.
விளையாட்டு என்றொன்று இருக்கிறது;
அதற்குக் கோல்கம்பம் வேண்டுமாம்.
நெடுநேரம் பேனையைக் கடித்துவிட்டு
பதினான்கைப் போட்டேன்: போக்குவரத்து.

நீச்சல் குளம் வரப்போகிறது இங்கே.
புவனேந்திரிக்கு என்ன எழுதுவது என்று
இன்னும் தெரியவில்லை.
சோதனை முடிவை எழுதலாமா?

வடக்கு வளைவில்,
எல்லோரும் கூடுதலாய்ச் சாய்ந்த இடத்தில்,
கடைசித் தண்ணீர் பின்னேரம் மூன்று பத்து வரை கிடந்தது.
நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.
அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில்.