மைனஸ் நாற்பத்தைந்து

நவம்பரின் முதல் ஞாயிறு, நள்ளிரவு தாண்டிய வினிபெக்.
கீழே போர்ட்டேஜ் அவென்யூவில்
ஆளில்லாமல் ஒரு பஸ் போகிறது.

பதினெட்டு லட்சம் அழைப்புகள்
நாற்பத்தோரு கோப்புகளில்.
யார், யாரை, எப்போது, எவ்வளவு நேரம்.
என்ன பேசினார்கள் என்பதற்குப் பத்தி இல்லை,
நல்லவேளை.

எனக்கு முன் இருந்தவர் வரிவரியாக ஏற்றினார்.
ஒரு வரி, ஒரு கமிட்,
வட்டு "எழுதிவிட்டேன்" என்று சொல்லும்வரை காத்திருந்து
இன்னொரு வரி.
கல்யாணப் பந்தியில்
பருக்கை பருக்கையாய்ச் சோறு பரிமாறியதுபோல.

நான் இண்டெக்ஸ்களைக் கழற்றினேன்.
வேண்டாத பத்திகளை வாசலிலேயே நிறுத்தினேன்.
காவல் இல்லாத ஒரு தற்காலிக அட்டவணையில்
கோப்பை அப்படியே கவிழ்த்தேன்,
மூச்சுக்கு ஐம்பதாயிரம்.
சலித்து, இரட்டைகளை நீக்கி,
பெரிய அட்டவணைக்கு அனுப்பி
இண்டெக்ஸை மறுபடி பூட்டப் பதினோரு நிமிடம்.

தேநீர் வாங்கப் போன ஒக்சானா
திரும்புவதற்குள் முடிந்திருக்கும்.
நூற்றுப் பன்னிரண்டு வரிகள் உள்ளே வர மறுத்தன.

பிராண்டனிலிருந்து தாம்சனுக்கு:
தொடக்கம் 1:52, முடிவு 1:07.
பேசிய நேரம்
மைனஸ் நாற்பத்தைந்து நிமிடம்.

"குப்பை. தூக்கிப் போடு"
என்றாள் ஒக்சானா, கோட்டைக்கூடக் கழற்றாமல்.
என் விரலும் போனது.
சுவரில் மணி மூன்றேகால்.
திரையில் இரண்டேகால்.

இரண்டு மணிக்கு மாகாணம் முள்ளைப் பின்னால் திருப்பியிருக்கிறது.
அந்த நொடியில்
மறுமுனையில் ஒரு குரலோடு விழித்திருந்தவர்கள்
இந்த நூற்றுப் பன்னிரண்டு பேர்.

இல்லை, இவர்கள் மட்டுமில்லை.
ஸ்டைன்பாக்கிலிருந்து ஒருவர்:
தொடக்கம் 1:04, முடிவு 1:31.
இருபத்தேழு நிமிடம் என்று
எந்தக் காவலும் தடுக்காமல்
சமர்த்தாக உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறார்.
கொஞ்சம் பேசியவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.
நெடுநேரம் பேசியவர்களின் ஒரு மணி நேரத்தை
நான் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கிறேன்.

வாசலில் நிறுத்திய பத்திகளில் ஒன்று
நேர வித்தியாசம்.
மைனஸ் ஐந்து, மைனஸ் ஆறு.
வெறும் இரண்டு எழுத்து.
வேகத்துக்காக விட்டது.

அழித்தேன். அதையும் சேர்த்து மறுபடி கவிழ்த்தேன்.
பதினோரு நிமிடம், நாலு விநாடி.
தேநீர் ஆறிவிட்டது.

ஸ்டைன்பாக்காரரே,
உங்கள் பில்லில் இப்போது எண்பத்தேழு நிமிடம்.
மன்னிக்கவும்.