அலம்பல்

சவிரிமுத்தர் ஜீப்பை நிறுத்திவிட்டு
"பிள்ளை, ஓடேக்க சில்லுக்குள்ள ஏதோ அலம்புது" என்றார்.
நாற்பதில் ஒன்றுமில்லையாம்.
அறுபதில் ஸ்டியரிங் நடுங்குதாம்,
ஐஸ்பெட்டி மூடி தானாகத் தாளம் போடுதாம்.
நாயாற்றிலிருந்து காட்டுப்பாதையால் மீன் ஏற்றுகிற ஜீப்.
நாலு சில்லும் இழுக்கும்.
ரயரின் ஒவ்வொரு பல்லும் என் பெருவிரல் தடிப்பு.

"தண்ணிக்குள்ள விட்டனீங்களோ?"
"மாரிக்கு ஆர் விடாமல் போறது?"
நானும் தலையாட்டினேன்.
பழியைப் போட
ஒட்டுசுட்டானில் குளத்துக்கா பஞ்சம்.

ஜாக்கியில் தூக்கி, சில்லை மெல்லச் சுற்றி
வால்வை நிலம் பார்க்க விட்டேன்.
கொஞ்சம் பொறுக்கவேணும்.
தண்ணி தன் பள்ளத்தைத் தேடி வந்து குந்தும்.
பிறகு வால்வின் நாக்கை உருவினால்
காற்றே அதைத் தள்ளிக்கொண்டு வரும்:
ஒரு சீறல், ஒரு தும்மல்,
என் முழங்கை வரைக்கும் விசிறல்.
பால் விடாத தேத்தண்ணியின் நிறம்,
பழைய இரும்பின் மணம்.

மிச்சம் அப்படி வராது.
ரயரின் ஓரத்தை ரிம்மிலிருந்து பிரிக்கவேணும்.
ஜாக்கியின் காலை விளிம்பில் ஊன்றி
ஜீப்பின் பாரத்தையே மேலே இருத்தினேன்.
டொப்பென்று விட்டுக்கொடுத்தது,
எனக்குத் தெரிந்த சில மனிதரைவிடச் சுலபமாக.
பால்பேணியால் மொண்டேன். எட்டுப் பேணி.
கழித்த சட்டையால் துடைத்து
ரிம்மின் கறளைச் சுரண்டி
வெயிலில் வாய் பிளந்து கிடக்கவிட்டேன்.
"மீன் வளர்த்திருக்கலாம்" என்றார் சவிரிமுத்தர்.
ஆயிரத்தைந்நூறு வாங்கினேன்.

பங்குனியில் திரும்பி வந்தார்.
வாய்க்கால்கள் வெடித்துக் கிடந்தன.
ஜீப் எங்கும் நனையவில்லை.
சில்லுக்குள் அதே அலம்பல்.

கடற்கரை மணலுக்குக் காற்றை இறக்குவார்,
தார்வீதிக்கு என்னிடம் ஏற்றுவார்,
கிழமைக்கு மூன்று தரம்.
வேறு ஆரும் என்னிடம் அவ்வளவு காற்று வாங்குவதில்லை.
இதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
"ஜீப் இண்டைக்கு நிக்கட்டும்" என்றேன்.

கடை பூட்டியபின்
கொம்பிரசரின் வயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்தேன்.
அங்கே ஒரு சின்னத் திருகாணி.
விற்றவன் காட்டியவன்தான்:
ஒவ்வொரு பின்னேரமும் திற, அக்கா.
அன்று எனக்குத் தவணைக் கணக்குத்தான் காதில் விழுந்தது.
மூன்று வருடம்.
குறட்டால் பிடித்துத் திருப்பினேன்.
கறுப்பாய் வந்தது, பிறகு செம்மண்ணாய்,
பிறகு வெறும் தண்ணி.
நிற்கவே மாட்டேன் என்றது.
மாரிக் காற்று,
வயல் பக்கத்துப் பனி,
அடுத்த கடைக் கேத்தலின் ஆவி,
எல்லாவற்றையும் நசுக்கி
தரம் ஐம்பது ரூபாய்க்கு விற்றிருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வண்டிக்கும்.
கண்ணிவெடி கிளப்பப் போகும் பெண்களின்
வெள்ளை வாகனத்துக்கும்.
பள்ளிக்கூட வானுக்கும், என் மச்சாளின் ஸ்கூட்டிக்கும்.
எல்லாரும் என் தண்ணியில் ஒரு கை கொண்டு ஓடுகிறார்கள்.
இந்த வீதியில் ஆரும் அவ்வளவு வேகம் போவதில்லை,
அதனால் ஆருக்கும் கேட்பதில்லை.

விடிய, சில்லைப் பூட்டிக் கொடுத்தேன்.
"காசு வேண்டாம்."
"ஏன் பிள்ளை?"
"உங்கட ரயருக்குள்ள கிடந்தது என்ர தண்ணி."
பகிடி என்று எடுத்துச் சிரித்தார்.
நல்லாய்ச் சிரித்தார், பல்லுக்கட்டு அசையும்வரை.
நான் இரண்டாம் தரம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு பாரைத் துண்டு
பேப்பரில் சுற்றிக் கதவில் தொங்கியது.
விரதம். ஆனாலும் சமைத்தேன்.

இப்போது ஆறரைக்குத் திருகாணியைத் திறக்கிறேன்.
ஒரு பேணி வரும், காய்ந்த நாளில் அரை.
அளந்துதான் ஊற்றுகிறேன்.
ஆயிரத்தைந்நூறும் லாச்சிக்குள்
தனியாகக் கிடக்கிறது, றப்பர் பட்டி போட்டபடி.